இறங்குமிடம்

காதில் மஞ்சள் வில்லை:
ஊசி போட்டாயிற்று, கடிக்காது.
திபிலிசியில் அதற்கு அவ்வளவுதான் அத்தாட்சி.
தெம்கா பேருந்து நிறுத்தம், ஆறு குளிர்காலமாய் அதன் விலாசம்.
மதியம் முப்பத்தாறில் ஏறிச் சந்தைவரை போகும்,
மாலை அதே முப்பத்தாறில் திரும்பும்,
கசாப்புக்கடை வாசனையோடு.
ரொட்டி சுடும் ஜெமாலுக்கு அது கரடி.
மருந்துக்கடைப் பெண்ணுக்கு இளவரசி.
பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பெயர்.

ஜனவரியில் ஒரு கார் பின்னங்காலைத் தட்டிவிட்டுப் போனது.
கட்டுப் பிரிக்கும்வரைதான் என்றேன் நுக்ஸாரிடம்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
தன் பழைய கோட்டை மடித்து ஹீட்டர் பக்கத்தில் போட்டார்.

எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
காசு விழுந்த சத்தத்துக்கே நாய் நடுங்கியது.
ஆறு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினார் நுக்ஸார்,
தளத்துக்குத் தளம் நின்று
மூச்சு வாங்கி
என்னைத் திட்டி.

வாசலில் இறக்கிவிட்டதும்
நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டது.
கோழி ஈரல் காட்டினேன்.
கரடி என்றேன், இளவரசி என்றேன்.
மரியாதைக்கு ஒருமுறை வாலை அசைத்தது.
படிக்கட்டுக் குளிர் மட்டும் தாராளமாய் உள்ளே வந்தது.

அப்போது எலிசோ, ஏழு வயது,
பல் விழுந்த இடைவெளி வழியாக
ஸ்ஸ்ஸ்ஸ் என்றாள்.
முப்பத்தாறின் கதவு திறக்கிற அதே சத்தம்.
காது நிமிர,
மூன்று காலில் நாய்
எங்கள் வீட்டுக்குள் ஏறிக்கொண்டது.

ஏறியது, ஆனால் உட்காரவில்லை.
நடையின் நடுவே கால்களை அகட்டி
வளைவுகளுக்குத் தயாராக நின்றது.
வீடு எங்கும் போகாது என்று நம்ப
அதற்கு இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளில் நாங்கள் கற்றது கொஞ்சம்.
கண்ணைப் பார்க்காதே.
சோற்றை வைத்துவிட்டு முதுகைக் காட்டு.
ஃப்ரிட்ஜ் உறுமினால் நீயும் பதிலுக்குத் திட்டு,
அப்போதுதான் அதைக் குரைக்கிற வேலை மிச்சம்.
முக்கியமாக, கதவைச் சாத்தாதே.
நுக்ஸாரின் ஒரு செருப்பை இடுக்கில் செருகி
மூன்று இரவு ஒருக்களித்தே வைத்தோம்.
திருடன் வந்தால் என்றேன்.
நாய் இருக்கிறதே என்றார்.
திருடனுக்கும் தெரிந்த நாய்தானே என்றேன்.
இருட்டில் இருவரும் சிரித்தோம், வெகுநாள் கழித்து.

நாலாம் நாள் ஜெமால் படியேறி வந்தார்,
மாவு படிந்த கையில் சூடான ரொட்டி.
நாய் அவர் முழங்காலில் முகம் புதைத்தது.
எனக்குப் பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன.
போகும்போது விரலை நீட்டி எச்சரித்தார்:
"வைத்துக்கொள். ஆனால்
உன் நாய் என்று மட்டும் எங்கும் சொல்லிவிடாதே."

கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது.
யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டில்
நுக்ஸார் மினரல் வாட்டர் புட்டியைத் திறந்தார்.
ஸ்ஸ்ஸ்ஸ்.
கோட்டின் மேல் உறங்கியது சட்டென்று எழுந்தது,
கதவைப் பார்த்தது.
எலிசோவின் கரண்டி பாதி வழியில் நின்றது.
புட்டி மூடியைப் பிடித்தபடி நுக்ஸார்,
மூச்சைப் பிடித்தபடி நான்.

நாய் ஒரு கொட்டாவி விட்டது.
வேறு எண் பேருந்து வந்தால்
நிறுத்தத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே,
அப்படித் திருப்பிக்கொண்டு
கோட்டை இரண்டு சுற்றுச் சுற்றிப்
படுத்தது.