பாதிப் புள்ளிகள்

உலர்ந்த பனி எங்களை ஒன்றும் செய்யாது.
நாள்கணக்கில் கொட்டட்டும்,
அலைகள் ஊடே போய்விடும்.
ஈரப்பனிதான் கெட்டது.
ஆண்டெனாவின் முகத்தில்
களிம்புபோல் அப்பிக்கொள்ளும்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரை. மலைமுகட்டில்
டீசல் வாடையடிக்கும் தகரக் கொட்டகை.
உள்ளே நானும் நிவியும்,
நினைத்தால் எரியும் ஓர் அடுப்பும்.
ஹெலிகாப்டர் வியாழக்கிழமை வரும் என்றார்கள்.
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

திரையில் பதினாறு புள்ளிகள்,
நாலுக்கு நாலாய்.
ஒவ்வொன்றும் நான்கு பிட்டுகளின் இருக்கை.
தெளிந்த வானத்தில்
ஊசி குத்திய தடம்போல் இருக்கும்.
இன்றைக்கு ஒவ்வொன்றும் ஒரு கொசுக்கூட்டம்.
பக்கத்துக் கூட்டத்தோடு கலந்துவிட்டால்
எது எவர் வீட்டுக் கொசு?

ஆற்றலைக் கூட்டலாமே என்றேன்.
"எங்கிருந்து?"
டீசல் தொட்டியைத் தட்டிக் காட்டினாள்.

பதினேழு வயதில்
மீன் ஆலையில் ஹாலிபட் அடுக்கியவள் அவள்.
மீனுக்கு நேர்மேலே மீனை வைத்தால்
பெட்டி மூடாது.
இரண்டின் இடுக்கில் மூன்றாவது,
ஊடுபுள்ளியாக.
"தாளில் இடமில்லையே" என்றேன்.
"தாள் எதற்கு?" என்றாள்.

நின்று போகும் அலை ஒன்று,
படுத்துப் போகும் அலை ஒன்று.
இதுவரை இரண்டையும்
ஒருவரையொருவர் அறியாத
கூலியாள்களாய் நடத்தியிருந்தோம்.
மூன்று வாரமாய் எழுதித் திருத்திய நிரலில்
அவள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.
புள்ளிகளுக்குச் சதுரங்கப் பலகைபோல்
கறுப்பு, வெள்ளை.
நின்றது கறுப்பில் அமர்ந்தால்
படுத்ததும் கறுப்பில்தான்.
ஒன்று பக்கத்து இருக்கைக்குச் சறுக்கினால்
நிறம் ஒட்டாது,
மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

இருநூற்று ஐம்பத்தாறு சோடிகளில்
பாதியைக் கைவிட்டோம்.
கொடுத்த விலை எட்டு பிட்டில் ஒன்று.
அவ்வளவுதானா என்று
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
மிஞ்சியவர்கள்
நான்கு பரிமாணம் கொண்ட ஓர் அறையில்
தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.
அந்த அறையை நான் பார்த்ததில்லை.
நிவியும் பார்த்ததில்லை.
கணக்கு பார்த்திருக்கிறது.

திரையில் அதே பதினாறு,
அதே கொசுக்கூட்டம்.
கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை.
பிழைமானி மட்டும்
சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அதிகாலை இரண்டு நாற்பது.
வடக்கே சிற்றூர் மருத்துவமனையின் எக்ஸ்ரே ஒன்று
எங்கள் தலைக்கு மேலே தாண்டி
நூக் நகரம் போய்ச் சேர்ந்தது.
யாரோ ஒருவரின் முறிந்த மணிக்கட்டு,
நரைத்த வரிகளில் ஒன்றுகூடச் சிதறாமல்.

கால்மணி நேரம் கழித்து
சேவைத் தொலைபேசி அடித்தது.
செவிலி யூதித்தா, மூச்சு வாங்க:
மருத்துவர் பதில் அனுப்பிவிட்டாராம்.
படம் பிரமாதமாம்.
ஆனால் கை
இடதா வலதா என்று கேட்கிறாராம்.
குறிக்க மறந்துவிட்டாளாம்.

ஒரு பிட்.

நிவி சிரித்த சிரிப்பில்
கால் பட்டு அடுப்பு அணைந்தது.
தீப்பெட்டியைத் தேடியபடி
இருட்டில் கேட்டாள்,
"எந்தக் கையாம்?"