நாலரை அடி

கொழிஞ்சாம்பாறை வாயனசாலை மாடியில் பதினேழு பேர்.
மலையாளத்தில் தொடங்கிய பேராசிரியை
எங்கள் முகம் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

திரையில் ஒரு தாழி.
கழுத்தைச் சுற்றி
யாரோ கட்டைவிரல் அழுத்திய குழிகள்.
"இந்தப் பக்கம் முழுசாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை."

கிட்டுச்சாமி கைக்குட்டையை மடித்தான், பிரித்தான்.
போன மாசி, தென்னைக்குக் குழியெடுக்கையில்
ஜேசிபி பல்லில் மாட்டியது.
தன் விரலை வைத்துப் பார்த்தான்,
பொருந்தியது.
வெளியே தெரிந்தால் நிலம் போச்சு என்றார் தோட்டக்காரர்.
மூன்று லோடு மண். மேலே போர்வெல்.

கேள்வி நேரம்.
"எத்தனை அடியில வெப்பாங்க மேடம்?"
"ஆறு, ஏழு."
"நாலரை,"
சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

பேராசிரியை பேனா மூடியைத் திறந்தார்.
சற்றுமுன் அவருக்குப் பொன்னாடை போர்த்திய தோட்டக்காரர்
குனிந்து
செருப்பைத் தேடினார்.