கத்திப் பழகுதல்

குளவிக் கூடு கலைந்தால் என்ன செய்வதென்று
தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்:
கூடையை விடு, தலையை மூடு, மலையை விட்டு இறங்கு.
அட்டைக்கு உப்பு.
விடாத மழையில் பீலித் தண்ணி சேறாக வந்தால்
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஏறு.

ஏழு இருபது பஸ்ஸில் வந்து
மூணாம் கட்டையில் தனியாக இறங்குகிறவளுக்குத்தான்
யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை,
'வெள்ளன வந்துடு' என்பதைத் தவிர.
பஸ்ஸை ஓட்டுவது நானா?

தலவாக்கலையில் மருந்துக்கடையில் நிற்கிறேன்.
கட்டையிலிருந்து மேட்டு லயத்துக்கு
இருபத்திரண்டு நிமிடம். மழையென்றால் முப்பது.
வழியில் லைட் மூன்று. எரிவது ஒன்று,
அதுவும் நினைத்தால்.

அம்மா தன் பழைய கவ்வாத்துக் கத்தியைப்
பேப்பரில் சுற்றி என் பேக்கில் வைத்தாள்.
சோத்துப் பெட்டிக்கும் குடைக்கும் அடியில்
அது மூன்று மாதம் கிடந்தது.
ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரம்
எடுத்துப் பார்த்தேன், எவ்வளவு நேரம் ஆகிறதென்று.
முதலில் குடை வந்தது. பிறகு பெட்டி. பிறகு கடலைப் பொட்டலம்.
கத்தி வரும்போது
பதினாறு வரை எண்ணியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில்
தொட்டில்களைச் சுருட்டி ஓரம் கட்டிவிட்டு
எங்களை நிற்க வைத்தாள் கான்ஸ்டபிள் இரோஷா.
மணிக்கட்டைப் பிடித்தால்
அவனுடைய பெருவிரல் பக்கமாகத் திருப்பி இழு.
கெண்டைக்கால் எலும்பில் செருப்பால் உதை.
பிறகு ஓடு, ஜெயிக்க நிற்காதே.
புஷ்பகாந்தியின் கையைப் பிடித்துக் காட்டினாள்.
பதினைந்து வருடம் கொழுந்து பறித்த கை.
ஒரே இழுப்பு.
கான்ஸ்டபிள் தன் விரலை உதறிக்கொண்டு சிரித்தாள்.

பேக்கிலிருப்பதைப் பற்றிக் கேட்டேன்.
"கத்தி எப்பா நங்கி. கத்தி பறிப்பான். கத்து."
அவள் தமிழில் கத்தியும் கத்துவும்
கிட்டத்தட்ட ஒரே சொல்லாகத்தான் விழுந்தன.

என் முறை வந்தது.
வாயைத் திறந்தேன்.
காற்று மட்டும் வந்தது.
'பொம்பளப் புள்ள, மெல்லப் பேசு'
இருபத்துநாலு வருடம் விழுங்கியது
காய்ந்த ரொட்டிபோல அங்கேயே நின்றது.

எங்கே போய்ப் பழகுவது?
லயத்தில் இருமினாலே
நாலு காம்பராவில் சுகம் விசாரிப்பார்கள்.
ஸ்டோருக்குப் பின்னால் போனேன்,
கொழுந்து அரைக்கும் மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்து.
தள்ளி நில்!
பூனை.
தள்ளி நில்!
பசித்த பூனை.
ஒன்பதாம் நாள் வாச்சர் பெரியதம்பி
தடியோடு ஓடி வந்தார், 'யாருக்கு என்ன?' என்று.
அந்த மெஷின் சத்தத்தைத் தாண்டி!
ஒன்றுமில்லையென்றேன்.
வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் ஒரு இரவு, பனி,
பின்னால் செருப்புச் சத்தம்.
நின்றேன், அதுவும் நின்றது.
கரை மாறினேன், அதுவும் மாறியது.
வீட்டுக்கு இன்னும் எட்டு நிமிடம்.
பணிய லயத்தில் முதல் கதவுக்கு ஒன்றரை.
வெளிச்சம் தெரிந்த பக்கம் இறங்கி, திரும்பி,
டோர்ச்சை அவன் முகத்தில் அடித்து

தள்ளி நில்!

இஸ்தோப்பு லைட்டுகள் ஒவ்வொன்றாக விழித்தன.
சாரத்தை இழுத்துக் கட்டியபடி ஆண்கள்,
கையில் அகப்பையோடு ஒருத்தி,
குரைக்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்ட நாய்.
"டைம் கேக்கத்தான் வந்தேன்" என்றான் அவன்.
இருக்கலாம்.
எட்டு பத்து, என்றேன். இனித் தூர நின்னு கேளுங்க.
"பாவம், சும்மா வந்த மனுசன்" என்று ஒரு குரல்.
அதுவும் இருக்கலாம்.
நான் ஒன்றும் திருப்பி வாங்கவில்லை.

அகப்பைக்காரி மேட்டு லயம்வரை கூட வந்தாள்.
திங்கட்கிழமை கத்தி அம்மாவிடம் திரும்பியது,
துரு தேய்த்து, தேயிலை வெட்ட.

பணிய லயத்தில் அன்றைக்கு ஒரு கைக்குழந்தை
திடுக்கிட்டு எழுந்து வெகுநேரம் அழுததாம்.
அதனிடம் மட்டும்
மன்னிப்புக் கேட்கிறேன்.