ஏற்கெனவே உள்ளே

தை செங். இரவு இரண்டு இருபது.
தோ பாயோ டயாலிசிஸ் மையத்தின் பதிவேடு
(யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு)
ஒரே ஒரு இயந்திரத்தில் இருக்கிறது.
இரண்டாவது இருந்தும் இல்லை.
இழுக்கத் தொடங்கும், நின்றுவிடும்.

மூலமும் நகலும் ஒரே அடையாளம் என்கிறது பிழைச் செய்தி.
எண்ணைத்தான் மாற்றியாயிற்றே என்றேன்,
அதற்கு ஒன்று, இதற்கு இரண்டு,
என் கையால் எழுதினேன்.
வெய் லியாங் உதட்டைப் பிதுக்கினான்.
தே பெங் வாங்கி வரலாம் என்றான்.

திரும்பி வந்தால் கதவு சிவப்பு.
அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தேன்.
சிவப்பு.
ஜோகூரிலிருந்து தினம் பாலம் கடந்து வரும்
காவலர் மாசிலாமணி திரையை என் பக்கம் திருப்பினார்:
"நீங்க உள்ளதான் இருக்கீங்க தங்கச்சி."
பத்து ஐம்பத்தொன்றுக்கு நுழைந்தவள்
இன்னும் வெளியே வரவில்லையாம்.
வெய் லியாங் பிடித்திருந்த கதவில்
அட்டை தட்டாமல் நழுவியது நான்தான்.
கையில் தே பெங் பை சொட்டுகிறது.
"உள்ள இருக்கறவங்கள முதல்ல அழிக்கணும்,"
ஒரு விசையைத் தட்டினார். "ம், இப்ப வாங்க."

பையை அவர் மேசைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஏறினோம்.
மின்தூக்கி மூன்றாம் தளம் தாண்டுகையில்
வயிற்றில் ஏதோ நழுவியது.
செவ்வாயன்று நான் புதிதாக நிறுவவில்லை.
அப்படியே பிரதி எடுத்தேன்.
முதல் விழிப்பில் இயந்திரம் தனக்கே இட்டுக்கொள்ளும்
முப்பத்தாறு எழுத்துப் பெயர்
தரவுக் கோப்புறையின் ஒரு மூலையில்
ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

நகலை நிறுத்தினேன்.
இது நகல்தானா என்று மூன்று தடவை பார்த்தேன்,
நான்காம் தடவை வெய் லியாங்கைப் பார்க்கச் சொன்னேன்.
அந்தச் சின்னக் கோப்பை அழிக்கவில்லை,
வேறிடத்தில் ஒதுக்கி வைத்தேன். பயம்தான்.
எழுப்பினேன்.
தேடியது. பெயர் இல்லை என்று கண்டது.
தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது,
யாரும் வாய்விட்டு அழைக்கப்போகாத ஒன்றை.

பின்தங்கிய நொடிகள்:
ஒரு லட்சத்து எழுபதாயிரம்.
ஒன்பதாயிரம்.
நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.
வெய் லியாங் நகம் கடிப்பது கேட்டது.
பூஜ்யம்.

ஆறு மணிக்கு ஏழாம் நாற்காலிக்கு ஒருவர் வருவார்.
அவர் வருவது
இப்போது இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது.

கீழே பனிக்கட்டி கரைந்து தேநீர் வெளுத்திருந்தது.
குடித்தேன்.
வெளியேறும்போது அட்டையை அழுத்தி வைத்தேன்,
மாசிலாமணி பார்க்கிறாரா என்று
பார்த்துக்கொண்டே.