எந்த இடத்திலும் சேமிக்கலாம்

‘விளையாட்டுத்துறைப் பிரமுகர் காலமானார்’ என்று
பேப்பரில் போட்டுவிட்டார்கள்.
அதனால் முதலில் வந்தது
மாங்குளத்துக் கரப்பந்தாட்டக் கழகம்.
பன்னிரண்டு பேர், நீலச் சட்டை,
மலர்வளையத்தோடு கையெழுத்திட்ட ஒரு பந்து.
தவரூபன் அண்ணை,
வாழ்நாளில் ஒரு பந்தையும் வலைக்கு மேலால் அனுப்பாத
உங்கள் கால்மாட்டில் அதை வைத்துக் கும்பிட்டார்கள்.
ஒருவரும் திருத்தவில்லை.
அக்கா அந்தப் பந்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தா.

சந்தியில் பதாகை.
உரக்கடைக்கும் ரியூசன் விளம்பரத்துக்கும் நடுவே
கோட்டுப் போட்ட நீங்கள்.
சியோல் மேடைக்காக வவுனியாவில் இரவல் வாங்கிய கோட்டு,
கை கட்டை.
பரிசுக்கு நீட்டிய மணிக்கட்டில்
ஊசிக்காக வீங்க வைத்த நரம்பு
படத்திலும் தெரிகிறது.

‘ஒரு துறையையே திருப்பிவிட்டவர்’ என்று
பின்லாந்திலிருந்து கடிதம்.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையின் மேல்மாடி,
ஆறு கணினி, கரன்ட் போனால் இருமி இருமிப் பிடிக்கும் ஜெனரேற்றர்,
கோபத்தில் மௌசை எறிந்து
என் தேத்தண்ணிக் கோப்பையை உடைத்த முதலாளி.
மன்னிப்புக் கேட்கவில்லை நீங்கள்.
அடுத்த நாள் மேசையில் புதுக் கோப்பை,
விலைச்சீட்டுக்கூட உரிக்காமல்.

அன்றைக்குச் சண்டை, சேமிப்பைப் பற்றி.
கட்டம் முடிந்தால்தான் சேமிக்க விடவேண்டும்,
நினைத்த இடத்தில் நிறுத்தலாமென்றால்
ஆருக்குப் பயம் வரும் என்றேன் நான்.
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னீர்கள்:
“ஆர் எப்ப எழும்பிப் போகவேண்டி வருமெண்டு
உனக்குத் தெரியுமோ தர்சிகா?
நாங்கள் உலை கொதிக்கேக்கை போனனாங்கள்.
விட்ட இடத்திலையே வந்து தொடங்கட்டும்.”
பிறகு, குரல் மாறாமல்,
“அந்த மாட்டுக்கு நிழல் விழேல்லை. பார்.”

அந்த ஒரு பொத்தானுக்கு
எனக்கு நாலு மாதம் போனது.
ஒசாகாவில் ஒரு தாதி
பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு வார்டுக்கு ஓடினாளாம்,
விடியத் திரும்பி வந்து மிச்சப் பாலத்தைக் கடந்தாளாம்.
அவள் எழுதியதை அச்சடித்து
கழிப்பறைக் கதவில் ஒட்டினீர்கள்,
எல்லோரும் ஆறுதலாக வாசிக்கும் இடம் அதுதான் என்று.

நேற்று, முப்பத்தொன்றும் முடிந்த பிறகு,
உங்கள் மடிக்கணினியைத் திறந்தேன்.
கடைசிச் சேமிப்பு: செவ்வாய், காலை 10.42.
கிளிநொச்சி ஆஸ்பத்திரி,
இரத்தம் சுத்திகரிக்கிற கதிரையாய் இருக்கவேண்டும்.
உள்ளே குளக்கட்டு. சாய்த்துவிட்ட சைக்கிள்.
பாதி ஏறிய நிலவு.
தண்ணீரோரம் ஒரு கொக்கு,
எழும்பச் செட்டை விரித்தபடி,
எழும்பாமல்.

அழத்தான் போனேன்.
பிறகு விளங்கியது, அது பிழை.
செட்டை விரிகிறது, கால் நிலத்தை விடுகுதில்லை.
அதைப் பார்க்கத்தான்
அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

பிழை எண் 2214.
இரவு இரண்டேகாலுக்குச் சரிவந்தது.
கொக்கு எழும்பி, நிலவை அரைக்கணம் மறைத்து,
வன்னிவிளாங்குளம் பக்கமாய்ப் போனது.
மூன்றுதரம் போகவிட்டுப் பார்த்தேன்.

பட்டியலில் ‘சரிபார்ப்பவர்’ என்ற கட்டத்துக்குள்
உங்கள் பெயர்.
அதை மாற்றும் அனுமதி
உங்களுக்கு மட்டும்தான் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

கீழே கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்குகிறார்.
2214 இன்னும் திறந்தபடி கிடக்கிறது, அண்ணை.