பூட்ஸ் கழுவும் தொட்டி

நண்பகலில் வாடும்.
சாயங்காலம், ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்துவிடும்.
ஜூலை முழுக்க இதே நாடகம்.
"வெயில்தான்" என்றேன் கோதெலீவிடம்,
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.
மெக்கலனில் அந்த வாரம் வெயிலே இல்லை.
பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலில் இருபது நிமிடம்;
அந்த ஊரின் பெயரைச் சுமக்கும் கோசு
இங்கே என் கண்ணெதிரில் தலைசாய்த்துக் கிடந்தது.

அதற்குள் அவள் வேறு குற்றவாளிகளைப் பிடித்திருந்தாள்.
மே மாதம், வேர் ஈ.
பழைய கம்பளத்தை வட்டமாக வெட்டி
ஒவ்வொரு தண்டுக்கும் கழுத்துப்பட்டை மாட்டினாள்.
தோட்டச் சங்கத்துச் செயலாளர் ஃபிர்மின் நின்று பார்த்து,
"பாதிரியார்கள் மாநாடா?" என்றார்.
ஜூனில் வெள்ளைப் பட்டாம்பூச்சி.
இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள்,
எண்ணி அடுக்கியதுபோல்.
கட்டைவிரலால் நசுக்கினாள்,
தபால்தலை ஒட்டுகிறவளின் அக்கறையோடு.

பிறகு அசுவினி.
குருத்தின் இடுக்கெல்லாம் சாம்பல் தூவியது மாதிரி.
சோப்புத் தண்ணீர் அடித்தாள்;
நாலே நாளில் மறுபடி சாம்பல்.
"இதுகளுக்குக் குட்டி போடப் புருஷன் வேண்டாமாம்,
அதான் இத்தனை சுறுசுறுப்பு" என்றாள்.
அவளுக்கு விவாகரத்தாகி மூன்று வருடம்.
நான் சிரித்தேன்.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும்.
ஏப்ரலில், ஈரச் செய்தித்தாளில் சுருட்டி,
பதினெட்டு நாற்று கொடுத்தவன் நான்.
வேரில் ஒட்டிய மண்ணோடு.
ஐந்து வருடமாக என் மண் கெட்ட மண்.
சுண்ணாம்பு போட்டேன், லீக் நட்டேன்,
ஒருத்தரிடமும் சொல்லவில்லை.
நாற்றில் நோய் தெரியாது.
நாற்றில் எதுவும் தெரியாது.
அவள் கேட்டாள்,
கேட்டால் கொடுக்கிற ஆளாக இருக்க எனக்கு ஆசை.
அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் தேடிப்பார்த்தேன்,
இல்லை.

ஆகஸ்டில் ஒன்றைப் பிடுங்கினாள்.
வேர் என்று சொல்ல முடியாது.
வீங்கி, கணுக்கணுவாக, ஒன்றோடொன்று பின்னி,
அழுகல் நாற்றத்தோடு.
மூட்டுவாதம் தின்ற என் வலது கையைப் பார்த்தாள்.
வேரைப் பார்த்தாள்.
மறுபடி கையை.

"வேர்வீக்கம். மண்ணில் இருபது வருடம் இருக்கும்" என்றார் ஃபிர்மின்.
"கோசு கூடாது. டர்னிப் கூடாது. முள்ளங்கிகூட அதே குடும்பம்."
அவளுக்கு அறுபத்தொன்று.
"எண்பத்தொன்று" என்றாள் வாய்விட்டு,
கடையில் சில்லறை எண்ணுகிறவள் மாதிரி.
எனக்கு எழுபத்து நாலு.
நான் கூட்டிப்பார்க்கவில்லை.

"என்னிடமிருந்துதான் வந்தது" என்றேன்,
ஃபிர்மின் போன பிறகு. அதையும் அவர் போன பிறகுதான்.
அவள் செடியை எரிக்கும் பீப்பாயில் போட்டாள்.
மீதியையும் பிடுங்கத் தொடங்கினாள்.
உதவட்டுமா என்று கேட்க வாய் திறந்து, மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை பொதுவாசலில் துத்தநாகத் தொட்டி.
கிருமிநாசினி, முரட்டுப் பிரஷ்,
அவள் கையெழுத்தில் ஒரு பலகை:
உள்ளே வரும்போதும், வெளியே போகும்போதும்.
கீழே சின்னதாக:
முக்கியமாக வானஸ்.

டிசம்பர். பதினெட்டில் மூன்று தப்பின.
இலையெல்லாம் வளையப் புள்ளி;
பாதிக் காய் இறுகாமல், ரோஜா மாதிரி விரிந்து வீண்.
காட்டுப்புறா தின்றது போகப் பதினொன்று.
எனக்கு ஒன்றும் தரவில்லை. தருவதாவது.

தொட்டியில் படிந்த பனிக்கட்டியை உடைத்து
பூட்ஸைத் தேய்க்கிறேன்.
அடிப்பள்ளங்களில் மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது.
போதும் என்று நிமிரும்போது
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துபோகிறாள்.

"குதிகால்" என்கிறாள்,
நிற்காமலே.