விழித்திருக்கும் பெட்டி

சிம் லிம் ஸ்குவேர், நான்காம் மாடி.
கடைக்காரர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்:
கிராபிக்ஸ் கார்டு மட்டுமே
என் அரைமாதச் சம்பளம்.

“விளையாடவா, படம் பார்க்கவா?”
இரண்டுக்கும்தான்.
நள்ளிரவுவரை நான் சுட்டுத் தள்ளுவேன்;
விடிந்தால், துவாஸில் ஷிப்ட் முடித்து வரும் ஜெபமணி
பாதிப் படத்தில் தூங்கிப்போவான்.
ஈசூனில் ஓர் அறை, ஒரு மெத்தை,
முறைவைத்துப் படுக்கிறோம்.
பெட்டிக்கு முறை கிடையாது,
கட்டிலடியில் விழித்தே கிடக்கவேண்டும்.

எட்டு டெராபைட் வட்டு, சரி.
கரண்ட் பில் பாதிப்பாதி, சரி.
கார்டில்தான் ஒரு படி இறங்கினேன்.

மிச்சக் காசுக்குப்
பெரிய விசிறி இரண்டு.
சுற்றவிட்டார்.
காதை வைத்தேன்.
கேட்டது கடையின் ஏர்கான்.

“போதும், தூங்குவான்” என்றேன்.
யாரென்று கேட்காமல்
ரசீது அடித்தார்.